ஆறு ஓடும் மாதங்களில் தூண்டிலுக்கு ஓய்வு வேண்டும்

புத்தலப்பட்டில் தொடங்கிச் சந்திரகிரி, திருப்பதி, ரேணிகுண்டா, காளஹஸ்தி ஆகிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு நாயுடுப்பேட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலை, நம்முடைய பிரதேசத்து மலையடிவார ஏரிகளையும் வங்கக் கடலின் அலைக்கரையையும் ஒரு காலைப்பொழுதின் பயணத்துக்குள் இணைத்துவிட்டது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி திருப்பதி தனி மாவட்டமாக உருப்பெற்று, முன்பு நெல்லூரைச் சேர்ந்திருந்த சூலூர்ப்பேட்டை, வாக்காடு முதலிய கடலோரப் பகுதிகள் அதனோடு சேர்ந்த பின்னர், கடலை எங்கோ தொலைவிலுள்ள அயலாருடைய உடைமையாகச் சித்தூர்ச் சீமைக்காரர்கள் கருதி வந்த மனோபாவமும் மெல்ல மாறி வருகிறது. இந்த மாறுதலோடு கூடவே வளர்ந்து வருகிற ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன். மீனை விற்றுப் பிழைக்க வேண்டிய தேவையில்லாத இளைஞர்கள், ஓய்வு நாட்களில் தூண்டிற்கோலும் ரீலும் எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் ஏரிக்கரைக்கும் மறு வாரம் தூப்பிலிபாளையத்துக் கடற்கரைக்கும் போய்வருவது இப்பொழுது சாதாரணக் காட்சியாகிவிட்டது.

இந்தப் பழக்கத்தை நான் மனமார வரவேற்கிறேன். நீரின் நிறத்தையும் காற்றின் திசையையும் பார்த்து, இரையையும் இடத்தையும் தேர்ந்து, தக்கை அமிழும் கணத்துக்காகக் கண்ணிமைக்காமல் காத்திருக்கிறவன், புத்தகங்களில் கிடைக்காத ஒரு பாடத்தை நீரிடமிருந்து நேராகக் கற்றுக்கொள்கிறான். ஆயினும், எந்தக் கலைக்கும் அதற்குரிய ஒழுக்கம் ஒன்று உண்டு. தூண்டிற்கலையின் ஒழுக்கத்தில் தலையாயது, எப்பொழுது தூண்டில் போடக்கூடாது என்று அறிவது. நம்மிடம் இந்த அறிவு இன்னும் வேரூன்றவில்லை. அதை ஊன்றச் செய்யும் சட்டமும் இல்லை. ஆற்று மீன்பிடிப்புக்கு ஆண்டில் மூன்று மாதங்கள், அதாவது அக்டோபர் தொடங்கி டிசம்பர் முடிய, முழு ஓய்வு தர வேண்டும் என்பதே என் கட்சி.

காரணத்தை விளங்கிக்கொள்வதற்கு நம்முடைய ஆறுகளின் இயல்பை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். சந்திரகிரியை அடுத்த குன்றுகளில் பிறந்து, திருப்பதியையும் காளஹஸ்தியையும் கடந்து, வாக்காட்டுக்கு அப்பால் கடலில் சேரும் ஸ்வர்ணமுகியானாலும் சரி, சித்தூரை அணைந்து ஓடித் தமிழ்நாட்டின் எல்லைக்குள் பொன்னை என்ற பெயர் பூண்டு பாலாற்றில் கலக்கும் நீவாவானாலும் சரி, காணிப்பாக்கத்து விநாயகர் கோயிலருகே செல்லும் பாஹுதாவானாலும் சரி, இவை யாவும் ஆண்டின் பெரும்பகுதியில் மணற்பரப்பாகக் கிடந்து, மழை பெய்த சில வாரங்களில் மட்டுமே ஆறு என்னும் பெயருக்கு உரியவையாகின்றன. ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மில்லிமீட்டர் மழை பெறும் இச்சீமையில், தென்மேற்குப் பருவமழை ஓரளவு நிலத்தை நனைத்து ஏரிகளுக்குச் சிறிது நீர் சேர்த்தாலும், ஆற்றைக் கரைபுரளச் செய்யும் வல்லமை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் புயல்மழைக்கே உரியது. 2021-ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்வர்ணமுகி பெருக்கெடுத்ததையும், இராயலசெருவு ஏரிக்கரை தாங்குமோ தாங்காதோ என்ற அச்சத்தால் கீழ்ப்பக்கத்துக் கிராமங்களின் மக்கள் வெளியேற்றப்பட்டதையும் யாரும் மறந்திருக்க முடியாது.

அவ்வாறு நீர் ஓடத் தொடங்கிய உடனே ஆற்றில் நிகழ்வது என்ன? கோடையெல்லாம் மடுக்களிலும் பாறைக்குழிகளிலும் ஏரிகளிலும் ஒடுங்கிக் கிடந்து உயிர் பிழைத்த சொற்ப மீன்கள், புதுவெள்ளத்தின் குளிர்ச்சியையும் கலங்கலையும் உணர்ந்த மாத்திரத்தில், வயிறு நிறைய முட்டையைச் சுமந்துகொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து மேலேறுகின்றன. கெண்டை இனத்துச் சிறு மீன்களும் கெளுத்திகளும் வெள்ளம் பரவிய ஆழமற்ற புல்வெளிகளையும் வயல்களையும் நாடிச் சென்று முட்டையிடுகின்றன. மேலேறும் வழியில் தரைப்பாலம், தடுப்பணை, ஏரிக் கலிங்கு ஆகியவை குறுக்கிடுகின்றன. தாண்ட முடியாத மீன்கள் அவற்றின் அடியில் திரள்கின்றன. அந்த இடமே, அந்த நாளே, ஊரிலுள்ள தூண்டில்களும் வலைகளும் கூடைகளும் பழைய சேலைகளும் ஒன்றாகக் கூடும் இடமும் நாளுமாக இருக்கிறது. மற்ற மாதங்களில் ஒரு மீனுக்காக அரைநாள் காத்திருக்க வேண்டிய ஆற்றில் அன்று பத்து நிமிஷத்தில் பை நிறைகிறது என்ற மகிழ்ச்சியில், அந்தப் பையில் இருப்பது அடுத்த ஆண்டின் மீன் முழுவதுமே என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

விரால் மீனின் கதை இதனினும் உருக்கமானது. எங்கள் சந்தைகளில் தெலுங்கர்கள் கொரமீனு என்றும் தமிழர்கள் விரால் என்றும் கேட்டு, மற்ற மீன்களைக் காட்டிலும் உயர்ந்த விலை கொடுத்து வாங்கும் இம்மீன், நீர்ச்செடிகளை விலக்கி வட்டமாக ஓர் இடம் செய்து முட்டையிடுவதோடு நின்றுவிடாமல், குஞ்சுகள் பொரிந்து தாமே இரைதேடக் கற்கும் வரையில் பல நாட்கள் அவற்றைக் காவல் காக்கிறது. செந்நிறக் குஞ்சுகள் ஒரு கொத்தாக நீரின் மேற்பரப்பில் மிதந்து செல்ல, அவற்றுக்குக் கீழே பெற்ற மீன் வட்டமிட்டபடியே இருக்கும். அருகே வரும் எதையும் பகையென்று கருதிப் பாய்ந்து கடிக்கும் அதன் இயல்பை நன்கறிந்தவர்கள், குஞ்சுக் கூட்டத்தின் நடுவே ஒரு தவளையையோ போலி இரையையோ வீசி, மிக எளிதில் அதைப் பிடித்துவிடுகிறார்கள். பசியால் கடித்த மீனைப் பிடிப்பது திறமை. பிள்ளையைக் காக்கக் கடித்த மீனைப் பிடிப்பதில் என்ன திறமை இருக்கிறது? காவல் நீங்கிய குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் தவளைகளும் சில மணி நேரத்தில் தீர்த்துவிடுகின்றன. ஒரு விராலைத் தூக்கியவன் உண்மையில் ஒரு தலைமுறையையே தூக்கிவிடுகிறான்.

ஏரிகளின் நிலை இதிலிருந்து வேறானது; இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பெரிய ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வளர்கின்ற கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மீன்கள் குஞ்சுகளாகக் கொண்டுவந்து விடப்படுகிறவை. தேங்கிய நீரில் அவை இனப்பெருக்கம் செய்வதில்லை. பிடிக்கும் உரிமையும் பெரும்பாலும் மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கோ ஏலம் எடுத்தவர்களுக்கோ சேர்ந்தது. ஆகவே, அங்கே தூண்டில்காரன் கேட்க வேண்டிய கேள்வி பருவத்தைப் பற்றியதன்று, அனுமதியைப் பற்றியது. குஞ்சு வாங்கிவிட்டுக் காவல் காத்தவனுடைய உழைப்பைப் பொழுதுபோக்கின் பெயரால் எடுத்துக்கொள்வது கௌரவமுள்ள எவனுக்கும் தகாது. சங்கத்தாரிடம் சென்று ஒரு சிறு தொகையைச் செலுத்தி, தை முதல் வைகாசி வரையில் நிம்மதியாக அமர்ந்து பிடிக்கலாம். அந்தத் தொகையும் அவர்களுக்கு ஓர் உபரி வருமானமாகும். 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று எந்தக் குட்டையையும் விட்டுவைக்காமல் பரவிவிட்ட ஜிலேபிக் கெண்டையைப் பொறுத்தவரையில் எந்தக் காலத்திலும் எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கட்டும். நாட்டு மீன்களின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொண்ட அதற்கு ஓய்வு மாதம் தேவையே இல்லை.

நான் சொல்லும் யோசனை புதிதும் அன்று, அந்நியமும் அன்று. சென்னை ராஜதானியின் சிவில் அதிகாரியாக இருந்த ஹென்றி ஸல்லிவன் தாமஸ் என்பவர் 1873-இல் இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றியும், 1887-இல் ஏரிகளிலும் குளங்களிலும் தூண்டில் போடுவதைப் பற்றியும் தனித்தனி நூல்கள் எழுதினார். மீன்பிடிப்பதில் தீராத மோகம் கொண்டிருந்த அவரே, குஞ்சு மீன்களை வாரி அழிப்பதையும் ஆற்றில் நஞ்சு கலப்பதையும் தடுக்க வேண்டுமென்று அரசாங்கத்திடம் விடாமல் வற்புறுத்தியவர் என்பது கவனிக்கத்தக்கது. பிடிக்கிறவனுக்குத்தான் மீன் குறைவது முதலில் தெரியும். வெடி வைப்பதையும் நஞ்சிடுவதையும் குற்றமாக்கிய இந்திய மீன்வளச் சட்டம் 1897-இல் வந்தது. ஆனால், பருவ ஓய்வை அச்சட்டம் தானாக விதிக்கவில்லை. அதற்கான விதிகளை வகுக்கும் பொறுப்பு மாகாண அரசாங்கங்களிடமே விடப்பட்டது. இங்கிலாந்திலோ 1878-ஆம் ஆண்டிலேயே ஆற்று மீன்களின் முட்டையிடும் பருவத்துக்கென்று சட்டம் இயற்றி, மார்ச் 15 முதல் ஜூன் 15 வரையில் தூண்டிலுக்கு விடுமுறை விட்டார்கள். இன்றும் அந்நாட்டு ஆறுகளில் ஜூன் 16-ஆம் தேதியை ஒரு பண்டிகை நாளைப் போல் எதிர்பார்த்திருக்கும் தூண்டில்காரர்கள் ஏராளம்.

தொலைதேசத்து உதாரணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் தென்னாட்டு மாநிலம் ஒன்றே விடை சொல்லும். பருவமழையின் முதல் வெள்ளத்தில் வயல்களை நோக்கி ஏறிவரும் மீன்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடிப்பது கேரளத்தில் வெகுகாலப் பழக்கம். ஊரே திரண்டு கொண்டாடும் உற்சவம் என்றும் சொல்லலாம். சினை மீன்கள் அழிவதைக் கண்ட அம்மாநிலம், 2010-ஆம் ஆண்டின் உள்நாட்டு மீன்வளச் சட்டத்தின் வாயிலாக அதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கிவிட்டது. சட்டம் இயற்றிய மறுநாளே பழக்கம் மறைந்துவிடவில்லை என்பது உண்மைதான். எனினும், வெள்ளத்தில் ஏறும் மீனைப் பிடிப்பது தவறு என்ற எண்ணம் பொதுமக்களின் பேச்சில் இடம்பெற்றுவிட்டது. அதிகாரிகள் ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் எச்சரிக்கை விடுக்கிறார்கள். நம்முடைய பக்கத்தில் அத்தகைய எண்ணத்தின் தொடக்கமே இல்லை.

அந்த மூன்று மாதங்களும் தூண்டில்காரன் என்ன செய்வது? கடலுக்குப் போகலாமே என்று சொல்லத் தோன்றும். ஆனால், ஐப்பசி கார்த்திகையில் கடல் நமக்கு உரியதன்று. வாடைக்காற்று வலுத்து, அடுத்தடுத்துத் தாழ்வழுத்தங்கள் உருவாகும் அந்நாட்களில், மணற்கரையில் இடுப்பளவு நீரில் நின்று தூண்டில் வீசுவது உயிரோடு விளையாடுவதாகும். வெளிப்பார்வைக்கு அலை குறைந்து அமைதியாகத் தோன்றும் இடத்திலேதான் கரையிலிருந்து கடலை நோக்கி இழுத்துச் செல்லும் நீரோட்டம் பெரும்பாலும் இருக்கிறது என்பதை, மலைநாட்டிலிருந்து முதன்முறையாகக் கடலைக் காணச் செல்லும் பிள்ளைகளுக்குப் பெற்றோர்கள் கட்டாயம் சொல்லி அனுப்ப வேண்டும்.

தை பிறந்து வடகிழக்குப் பருவம் ஓய்ந்ததும் கடல் வேறு முகம் காட்டுகிறது. மழைக்கால வெள்ளம் ஆற்றுமுகங்களின் மணல்திட்டுகளை உடைத்துத் திறந்துவிட்டிருக்கும். ஆறு கொணர்ந்த சேறும் மக்கிய இலையும் கடலோரத்தில் உணவாகப் பரவியிருக்கும். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அவ்விடங்களில் மடவை மீன்கள் கூட்டமாக மேய, அவற்றைத் துரத்திக்கொண்டு கொடுவாயும் பாரையும் காலாவும் கரைக்கு வெகு அருகில் வந்துவிடுகின்றன. அலைக்கரையில் மீன்பிடிக்கும் வித்தை முழுவதும் மணலைப் படிப்பதில் இருக்கிறது. கரைக்கு இணையாக நீருக்கடியில் மணல்மேடு ஒன்று கிடக்கும். அலை அதன்மேல் வெண்ணுரையாக உடையும். மேட்டுக்கும் கரைக்கும் இடையே, நிறம் சற்றுக் கறுத்து, அலை உடையாமல் கடந்து செல்லும் ஒரு பள்ளம் இருக்கும். நீர் ஏறும்பொழுது மேட்டைத் தாண்டி அந்தப் பள்ளத்துக்குள் மீன் நுழைகிறது. அலை கிளறிவிட்ட புழுவையும் சிறு நண்டையும் தின்கிறது. நீர் வற்றும்பொழுது திரும்பிவிடுகிறது. ஆகவே, கிழங்கான் போன்ற சிறு மீனை விரும்புகிறவன் கணுக்கால் அளவு நீரிலேயே நின்று பள்ளத்தின் இப்பக்கத்து விளிம்பில் இறால் துண்டை இட்டால் போதும். முழுப்பலத்தோடு வெகுதூரம் வீசுகிற புதியவர்கள் பலர் மீனைத் தாண்டியே வீசிக்கொண்டிருக்கிறார்கள். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிஷம் பின்தள்ளிப் போவதையும், அமாவாசை பௌர்ணமிகளில் மிகுவதையும் அறிந்து, கடிகாரத்தைச் சந்திரனுக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் இந்த வாழ்க்கை, அலுவலகத்து நேரத்துக்கு அடங்கிப் பழகிய நம் இளைஞர்களுக்கு எவ்வளவு ஆரோக்கியமான மாறுதல் என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள்.

கொடுவாயைப் பற்றி ஒரு வார்த்தை கட்டாயம் சொல்ல வேண்டும். இம்மீன் ஆணாகவே வளர்ந்து முதிர்ச்சியடைந்து, பின்னர் சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறும் விசித்திர இயல்புடையது. எனவே, பிடித்தவன் தோளில் தூக்கிப் புகைப்படம் எடுத்துக்கொள்ளும் மிகப் பெரிய கொடுவாய், அநேகமாக இலட்சக்கணக்கான முட்டைகளை இடவல்ல தாயாகவே இருக்கும். சமையலுக்கு நடுத்தர அளவுள்ள ஒன்றை எடுத்துக்கொண்டு, பெரியதைத் திரும்ப விடுவதே அறிவுடைமை. விடுவதிலும் முறை உண்டு: காய்ந்த சூட்டு மணலில் புரட்டினால் மீனின் மேலுள்ள வழவழப்பு உரிந்து, விட்டாலும் அது பிழைப்பது அரிது; கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி, மூச்சு தெளியும் வரையில் தாங்கிப் பிடித்து விட வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் 61 நாட்கள் கிழக்குக் கரை முழுவதிலும் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமல் ஓய்ந்திருக்கின்றன. அந்தத் தடை கரையில் நின்று தூண்டில் வீசுகிறவனைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆனால், கடலையே நம்பி வாழும் ஒரு சமூகம் மீன்களின் நன்மைக்காக இரண்டு மாத வருமானத்தை இழந்து, அரசாங்கத்தின் நிவாரணத் தொகையை எதிர்பார்த்திருக்கும் காலத்தில், சோற்றுக்காக அல்லாமல் சந்தோஷத்துக்காகப் பிடிக்கின்ற நாம், குறைந்தபட்சம் பிடித்ததை விட்டுவிடும் விரதத்தையாவது ஏற்க வேண்டாமா? பழவேற்காட்டு ஏரியின் மீனவர்கள் இன்னும் ஒருபடி மேலே போனவர்கள். கம்பு ஊன்றி வலைகட்டும் இடங்களைப் 'பாடு' என்று வகுத்து, யார் எந்த நாளில் எந்த இடத்தில் இறால் பிடிப்பது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாட்டை, எந்தச் சர்க்கார் உத்தரவும் இல்லாமல் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்திருக்கிறார்கள். எழுத்தறிவும் வசதியும் மிகுந்த நகரத்துத் தூண்டில்காரர்கள் தங்களுக்குள் இத்தகைய ஒரு கட்டுப்பாட்டைச் செய்துகொள்ள முடியாது என்று நான் நம்பவில்லை.

திருவேங்கட மலையின் நிழலில் வாழும் நம்மில் புலால் மறுத்தவர் பலர். உயிரைத் துன்புறுத்தி மகிழ்வது எந்தப் பருவத்திலும் பாவமே என்று அவர்கள் கூறுவார்கள். அவர்களுடைய கொள்கையை நான் வணங்குகிறேன்; ஆயினும் உண்ணும் வழக்கமுடைய பெரும்பான்மையோர் உள்ள நாட்டில், அளவும் காலமும் அறிந்து பிடிப்பதற்கும் அறியாமல் அழிப்பதற்கும் உள்ள வேற்றுமையை அவர்களும் ஒப்புக்கொள்வார்கள். வேறு சிலர், ஆற்று மணலைச் சுமைசுமையாக அள்ளுகிறவர்களையும், நகரத்துக் கழிவுநீரை ஸ்வர்ணமுகியில் விடுகிறவர்களையும், மின்கம்பியை நீரில் போட்டு மீன்பிடிக்கும் கொடியவர்களையும் விட்டுவிட்டு, ஒற்றைத் தூண்டிலோடு போகும் அப்பாவியின்மேல் பாய்வானேன் என்று கேட்கலாம். அவர்களுடைய கோபம் நியாயமானது. அந்தக் கேடுகள் தூண்டிலைவிட ஆயிரம் மடங்கு பெரியவை. ஆனால், அவற்றை எதிர்த்துப் பேசுவதற்கு யாருக்கு அக்கறை இருக்கப் போகிறது? வாரந்தோறும் ஆற்றங்கரையில் சில மணிநேரம் அமைதியாக உட்கார்ந்து, நீர் கறுப்பதையும் மடு தூர்வதையும் கண்ணால் காண்கிறவன் தூண்டில்காரனே. தன் கை சுத்தமாக இருந்தால்தான் அவன் குரலுக்கு மதிப்புண்டு.

அறுந்த நைலான் நரம்பைக் கரையிலேயே விட்டுவிட்டு வரும் வழக்கமும் ஒழிய வேண்டும். ஸ்வர்ணமுகியின் முகத்துவாரத்துக்குத் தெற்கே நேலப்பட்டுச் சரணாலயத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. பழவேற்காட்டு ஏரியில் பனிக்காலத்தில் பூநாரைகள் வந்திறங்குகின்றன. காலிலும் இறகிலும் நரம்பு சுற்றிய பறவை பட்டினியாகவே மடியும். அதைக் கழற்றிவிட அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

ஆந்திர அரசின் மீன்வளத்துறை நீவாவுக்கு ஓய்வு கொடுத்து, எல்லைக்கு அப்பால் அதே ஆற்றைப் பொன்னை என்று அழைக்கும் தமிழ்நாடு கொடுக்காமல் விட்டால், மேலேறிவரும் சினை மீனுக்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. ஆகவே, இரண்டு மாநிலங்களின் மீன்வளத்துறைகளும் கலந்து பேசி, அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரையில் ஸ்வர்ணமுகி, நீவா, ஆரணியாறு ஆகியவற்றின் ஓடுநீரிலும், ஒவ்வொரு தடுப்பணைக்கும் கலிங்குக்கும் கீழே ஒரு குறிப்பிட்ட தூரத்துக்கும் எவ்வகை மீன்பிடிப்பும் கூடாது என்று அறிவிக்க வேண்டும்; அறிவிப்புப் பலகைகளைத் தெலுங்கிலும் தமிழிலும் தரைப்பாலங்களின் அருகே நாட்ட வேண்டும்; ஆற்று மீனை நம்பி வாழும் சில குடும்பங்களுக்குக் கடலோர மீனவர்களுக்குக் கொடுப்பது போன்ற நிவாரணத்தையும் அம்மாதங்களுக்கு வழங்க வேண்டும். அந்த உத்தரவு வருவதற்கு ஆண்டுகள் பல ஆகலாம். அதுவரையில், தூண்டில் போடும் நண்பர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே: வருகிற ஐப்பசியில் முதல் வெள்ளம் வந்தது என்று கேள்விப்பட்டவுடன் பாலத்துக்குப் போங்கள், மேலேறும் மீன்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள், தூண்டிலை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.